பூக்கட்டுறவங்க மகனாவே இருந்தா என்ன?

போன முறை இந்தப் பலகைக்கு ‘எனக்குப் பிடித்த புத்தகம்’ பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஏனென்றால் எனக்குப் பிடித்த புத்தகத்தின் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

அந்தப் புத்தகம் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் தொடராக வந்தது. ஐந்து பாகம். லீவில் நூலகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். அதில் வரும் பழுவேட்டரையர்கள் நம்ம பக்கத்து ஆளுங்க! அரியலூரில் தஞ்சாவூர் பஸ் ஏறினால் கீழப்பழுவூர் வரும். அங்கே கீழையூரில் பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில் இன்றும் இருக்கிறது. அது தெரிந்த பிறகு, ஏதோ சொந்தக்காரர் கதை படிக்கிற மாதிரி இருந்தது.

இனி கதையின் முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகவும். பிறகு என்னைத் திட்டக் கூடாது. (2022, 2023இல் வந்த படங்களைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியாது. படத்தில் இந்த ஆள்மாறாட்டமே இல்லை.)

சேந்தன் அமுதன் தஞ்சாவூரில் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுப்பவன். அவன் அம்மா வாணி அம்மைக்குப் பேச்சு வராது, காது கேட்காது. குடிசை வீடு. பொய் சொல்ல மாட்டான், யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டான். எனக்கு வந்தியத்தேவனை விட இவனைத்தான் பிடிக்கும். கடைசி பாகத்தில் என்ன ஆகிறது? இவன்தான் உண்மையான இளவரசனாம்! குழந்தையில் இடம் மாறிவிட்டதாம். உடனே கிரீடம் வைத்து உத்தம சோழன் ஆக்கிவிட்டார்கள். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் ஓடக்கார வீட்டு மந்தாகினி பெற்ற பிள்ளையாம். அவன்தான் பதவி ஆசை பிடித்தவன், பயந்தவன்.

படித்து முடித்ததும் என் தோழி, “பாத்தியா, ரத்தம் பேசுதுடி” என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மந்தாகினியும் அதே ஓடக்கார ரத்தம்தானே? அவள்தான் ராஜாவுக்கு வந்த வேலைத் தன் மேல் வாங்கிச் செத்துப் போனாள். பூங்குழலியும் அதே வீடு. வந்தியத்தேவனையும் அருள்மொழிவர்மரையும் புயல் அடித்த கடலில் இருந்து காப்பாற்றியவள். அப்போ ரத்தம் என்ன பேசுச்சு? மதுராந்தகன் கெட்டது சுற்றி இருந்த பெரிய மனிதர்கள் “நீதான் அடுத்த ராஜா” என்று ஏற்றிவிட்டதால். அமுதன் நல்லவனானது வாணி அம்மை வளர்த்ததால். இது கல்கி எழுதியதிலேயே இருக்கிறது. ஆனால் கிரீடம் வைக்கும்போது மட்டும், வளர்த்தவள் யார் என்று பார்க்கவில்லை, பெற்றது யார் என்றுதான் பார்க்கிறார்கள்.

இந்தக் கதை மட்டும் இல்லை. அப்பாயி சொல்லும் மதுரை வீரன் கதையில், அவரை எடுத்து வளர்த்தவர் செருப்புத் தைக்கும் சின்னான். ஆனால் பிறந்தது காசி ராஜாவுக்கு! எம்.ஜி.ஆர். நடித்த 1956 படத்திலும் அப்படித்தான். கர்ணன் தேரோட்டி வீட்டுப் பிள்ளை, ஆனால் குந்தியின் மகன். ஹாரி பாட்டர் மாடிப்படிக்குக் கீழே கிடந்தாலும் அப்பா அம்மா மந்திரவாதிகள். ஏழை வீட்டுப் பிள்ளை ஒரு பெரிய காரியம் செய்தால், உடனே எங்கிருந்தாவது ஒரு ராஜாவைத் தேடிக் கொண்டுவந்து அப்பா ஆக்கிவிடுகிறார்கள்.

கர்ணனை மட்டும் விட்டுவிடலாம். கிருஷ்ணர் பிறப்பு ரகசியத்தைச் சொல்லி, வா ராஜாவாகலாம் என்று கூப்பிட்டபோதும், வளர்த்த ராதையை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஹாரி பாட்டரில் ஹெர்மயனியும் எனக்குப் பிடிக்கும். அவள் அப்பா அம்மா பல் டாக்டர்கள், மந்திரம் தெரியாதவர்கள். அவள் பிறப்பைச் சொல்லிக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள். அவள்தான் வகுப்பில் முதல். கடைசி வரை அவள் பல் டாக்டர் மகள்தான்.

கதைதானே, இதுக்குப் போய் ஏன் கோபம் என்று கேட்கலாம். போன மாதம் அம்மாவோடு பேங்க் போயிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு அம்மாவுக்குப் பணம் எடுக்கும் தாளை எழுதிக் கொடுத்தேன். அவர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “நீயெல்லாம் பெரிய வீட்டுல பொறக்க வேண்டிய புள்ளம்மா” என்றார். பாராட்டித்தான் சொன்னார். எங்க அம்மா பக்கத்திலேயே நின்னாங்க. பருத்தி எடுத்துக் கை எல்லாம் கீறல். ஐந்தாவது வரைதான் படிச்சிருக்காங்க. ஆனா எனக்கு ‘அ’ எழுத விரல் பிடிச்சுக் காட்டினது அவங்கதான். அம்மா அதைக் கேட்டுச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் வழியெல்லாம் அம்மாவின் பையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதனால் நானே ஒரு மாயக்கதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டில் இருபத்தி ரெண்டு பக்கம் ஆகிவிட்டது. சாத்தனூர் கல்மரம் நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி வருடத்துக்கு முன்னால், இந்தப் பக்கம் கடலாக இருந்தபோது, அந்த மரம் அடித்து வரப்பட்டுப் புதைந்து கல்லானது. என் கதையில் ஒரு பெண் அதன் மேல் காதை வைத்துக் கேட்கிறாள். உள்ளே அலைச் சத்தம் கேட்கிறது. பிறகு அந்தக் கடலையே அவளால் கூப்பிட முடிகிறது.

தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். “நல்லா இருக்குடி. கடைசில அவ யாரோட பொண்ணு?” என்று கேட்டாள்.

“பருத்தி எடுக்கிறவங்க பொண்ணு. முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேனே.”

“அப்ப அவளுக்கு எப்படி சக்தி வந்துச்சு?”

அவள்தான் காது வைத்துக் கேட்டாள், மற்றவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். தோழி ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு ராணி இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்கிறாள். மீதி பதினெட்டு பக்கம் இருக்கிறது. ராணி மட்டும் வரமாட்டாள்.

– ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி