ஆலோசகரைத் தேர்பவர் யார்?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வுகளை மதிப்பிடுவதற்காக அந்நாட்டு நாடாளுமன்றம் 1978இல் சட்டத்தின் வழியே நிறுவிய அறிவியல் ஆலோசனை வாரியம், ஆணையிடும் அதிகாரமோ நிதியை நிறுத்தும் அதிகாரமோ இல்லாத அமைப்பாகும். முகமையின் முடிவு எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்று கேட்பதும், தன் கருத்தைப் பொதுமக்கள் காணும்படி எழுத்தில் வைப்பதுமே அதன் வேலை.

அந்த வேலையின் கனத்தை நீரியல் விரிசல் குறித்த ஆய்வில் காணலாம். நிலத்தடிப் பாறைகளுக்குள் நீர், மணல், வேதிப்பொருள்களை உயரழுத்தத்தில் செலுத்தி எண்ணெயையும் எரிவாயுவையும் வெளிக்கொணரும் இம்முறை குடிநீரைக் கெடுக்கிறதா என்று ஆராய 2010இல் முகமை பணிக்கப்பட்டபோது, ஆய்வுத் திட்டத்தின் வரைவே வாரியத்தின் பார்வைக்குச் சென்றது. 2015இல் வெளியான வரைவறிக்கை, பரவலான பாதிப்புக்குச் சான்று காணப்படவில்லை என்று கூற, அந்த ஒரு வரியே தலைப்புச் செய்தியாயிற்று. அதற்குரிய அளவீட்டு ஆதாரம் அறிக்கைக்குள் காட்டப்படவில்லை என்று வாரியம் 2016இல் குறித்தது. வாரியத்தின் ஆய்வுக் குழுவினருள் சிலர் அந்த வரியில் பிழையில்லை என்று மாறுபட்டதும் மறைக்கப்படாமல் பதிவாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வரி இல்லை. சில சூழல்களில் குடிநீர் பாதிக்கப்படலாம் என்பதும், நாடு தழுவிய பாதிப்பைக் கணிக்கத் தரவு போதாது என்பதும் அதில் இடம்பெற்றன. தரவு இல்லாமையைப் பாதிப்பு இல்லாமையாகப் படித்துவிடும் பழக்கம் அமெரிக்க அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று.

இத்தகைய கருத்தை நிர்வாகம் புறந்தள்ளலாம். ஆயின் காற்று மாசு வரம்புகளைப் பொறுத்தவரை காரணம் எழுத வேண்டும், அக்காரணம் நீதிமன்றத்தில் சோதிக்கப்படும். நுண்துகள், அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத விட்டமுடைய மாசுத் துகள், காற்றில் இருக்கத்தக்க ஆண்டுச் சராசரி வரம்பைக் குறைக்கும்படி, இவ்வரம்புகள் குறித்து முகமைக்கு ஆலோசனை கூறும் தனி அமைப்பான தூய காற்று அறிவியல் ஆலோசனைக் குழு கூறியதை மீறி, 2006இல் ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற பழைய வரம்பே தொடரவிடப்பட்டபோது, போதிய விளக்கம் இல்லையென 2009இல் நீதிமன்றம் அதைத் திருப்பியனுப்பியது.

கருத்தை மறுப்பது இவ்வளவு கடினமாக இருக்க, கருத்துரைப்போரை மாற்றுவதோ எளிதாக இருக்கிறது. முகமையின் ஆய்வு நிதியைப் பெறும் அறிவியலாளர்கள் ஆலோசனைக் குழுக்களில் இருக்கலாகாது என 2017இல் விதிக்கப்பட்ட தடை, தொழில் துறையிடம் நிதி பெறுவோரைத் தொடவில்லை. 2020இல்தான் அது நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 2018இல் காற்றுக் குழுவின் நுண்துகள் ஆய்வுக்கான துணைக்குழு கலைக்கப்பட, அதன் முன்னாள் உறுப்பினர்கள் மறு ஆண்டே தாமாகக் கூடி, அதற்குள் 12 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டிருந்த வரம்பும் உடல்நலத்தைக் காக்கப் போதாது என்று அறிவித்தனர். 2024இல் அது 9 ஆயிற்று. பழைய தலையீட்டைச் சீர்செய்வதாகக் கூறி 2021இல் வந்த நிர்வாகமும் வாரியம், காற்றுக் குழு ஆகிய இரு அமைப்புகளின் உறுப்பினர்களையும் ஒருசேர நீக்கியது. நோக்கம் எதுவாயினும், 2025 ஜனவரியில் அடுத்த நிர்வாகம் அதையே திரும்பச் செய்வதற்கு அது முன்மாதிரியாயிற்று.

காற்றுக் குழுவின் ஏழு உறுப்பினருள் தேசிய அறிவியல் கழகத்தைச் சார்ந்த ஒருவரும், ஒரு மருத்துவரும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் சார்பில் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்று வகுத்துள்ள சட்டம், அவர்களை நியமிக்கும் பொறுப்பை அவர்களின் ஆலோசனையைப் பெறும் முகமைத் தலைவரிடமே விட்டிருக்கிறது. பதவிக்காலம் முடியுமுன் அவர்களை நீக்கலாமா என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.