புது டிஓ கல்லூரியில் சீட் கிடைத்தால் பார்க்க வேண்டியது கட்டடமா, ஆஸ்பத்திரியா?

அமெரிக்காவில் டாக்டராக இரண்டு வழி உண்டு. ஒன்று எம்டி, இன்னொன்று டிஓ எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியில் இருந்து வந்தது இந்த இரண்டாவது வழி. மற்ற நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் கையால் சிகிச்சை தருபவர் மட்டுமே. அமெரிக்காவில் டிஓ முழு டாக்டர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம்.

இப்போது டிஓ கல்லூரிகள் வரிசையாகத் திறக்கின்றன. 2024-ல் மெம்ஃபிஸில் பாப்டிஸ்ட், பிட்ஸ்பர்க்கில் டுகேன், ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ. 2025-ல் மேரிலாந்தில் மெரிட்டஸ். இரண்டு, மூன்று புதுக் கல்லூரிகளில் இருந்து அழைப்பு வந்தவர் எதைத் தேர்வு செய்வது?

என்ன சிக்கல்?

புதுக் கல்லூரிக்கு முதலில் கிடைப்பது முன் அங்கீகாரம் மட்டுமே. முழு அங்கீகாரம் முதல் பேட்ச் பட்டம் வாங்கும் கட்டத்தில்தான் வரும். 2024-ல் சேர்ந்தவர்களுக்கு அது 2028. அதுவரை 'எங்க மாணவர்களுக்கு எந்த ரெசிடென்சி கிடைத்தது பாருங்க' என்று காட்ட அந்தக் கல்லூரியிடம் எதுவும் இருக்காது.

எதைக் கேட்க வேண்டும்?

முதல் கேள்வி, மூன்றாம், நான்காம் ஆண்டுப் பயிற்சி எங்கே? பல டிஓ கல்லூரிகளுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைகளுக்கு மாணவர்களை அனுப்புவார்கள். சில சமயம் வேறு மாநிலத்துக்கே பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். பாப்டிஸ்ட், மெரிட்டஸ் போன்றவை மருத்துவமனைக் குழுமங்களோடு சேர்ந்தே பிறந்தவை. அது ஒரு பலம். ஆனா அங்கேயும் மொத்த பேட்ச்சுக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, அந்த ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி இருக்கிறதா? ரெசிடென்ட் டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போகிற மாணவருக்கும், ஒரே ஒரு டாக்டர் பின்னால் நடக்கிற மாணவருக்கும் கிடைக்கும் பயிற்சி ஒன்றல்ல. 2020 முதல் எம்டி, டிஓ இருவருக்கும் ஒரே ரெசிடென்சி அங்கீகார முறை என்பதால், போட்டியும் ஒரே களத்தில்தான்.

மூன்றாவது, தேர்வு. டிஓ மாணவர்களுக்கு காம்லெக்ஸ் கட்டாயம். போட்டி அதிகமுள்ள துறைகளுக்காக யுஎஸ்எம்எல்இ-யும் எழுதுபவர்கள் பலர். அதற்குக் கல்லூரி நேரம் ஒதுக்குகிறதா? முதல் பேட்ச்சின் காம்லெக்ஸ் முதல் நிலை முடிவு வந்துவிட்டதென்றால், அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடன் கணக்கு

2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். பல தனியார் டிஓ கல்லூரிகளில் கட்டணமே 50,000-ஐத் தாண்டுகிறது. வாடகை, சாப்பாட்டுக்குத் தனியார் கடன்தான் கதி. அதனால் 5,000 டாலர் கட்டண வித்தியாசம்கூட இனி சின்ன விஷயம் இல்லை.

புதுக் கல்லூரி என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. இன்று பேர் வாங்கிய கல்லூரிகளும் ஒரு காலத்தில் முதல் பேட்ச்சைச் சேர்த்தவைதான். ஆனால் முதல் பேட்ச் மாணவர் கட்டுவது முழுக் கட்டணம். அவருக்கு முழு பதிலும் தர வேண்டும். பயிற்சி மருத்துவமனைகளின் பட்டியலை, எத்தனை இடம் என்ற எண்ணோடு, எழுத்தில் தருகிற கல்லூரியே முதல் தேர்வாக இருக்கட்டும். 'பேச்சுவார்த்தை நடக்கிறது' என்று மட்டும் சொல்கிற கல்லூரி, சிமுலேஷன் லேப் எவ்வளவு பளபளத்தாலும், இரண்டாவதுதான்.