கேள்வி கேட்பதும் கடமையே

அதிகாரம் ஓர் அமானிதம் என்று மதரசாவில் நாம் சிறு பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். அமானிதத்தை ஏற்றவர், உரியவர் கேட்கும்போது கணக்குக் காட்டியாக வேண்டும். நாட்டின் நிர்வாகத்தில் அக்கணக்கு கேட்கப்படும் இடம் சட்டமன்றமே. ஒன்றிய அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு. மாநில அமைச்சரவையைச் சட்டப்பேரவைக்கு அவ்வாறே கட்டுப்படுத்துகிறது 164ஆம் பிரிவு.

அமைச்சர் பொறுப்பேற்பது என்றதும் 1956ஆம் ஆண்டு அரியலூர் இரயில் விபத்துக்குப்பின் பதவி விலகிய லால் பகதூர் சாஸ்திரியை நாம் நினைவுகூர்கிறோம். அது போற்றத்தக்க பண்பு. ஆனால், தனிமனிதரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி நாட்டை நடத்த இயலாது. கேட்பதற்கு ஓர் அவை வேண்டும். கேட்கும் துணிவும் வேண்டும்.

அத்துணிவு 1957இல் வெளிப்பட்டது. அரசுக்குரிய ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் சுமார் 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்திருந்தது. அது எளிய மக்களின் சேமிப்பு. அதனை மக்களவையில் அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சியின் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகனும் ஆவார். நீதிபதி எம்.சி. சாக்ளா வெளிப்படையாக விசாரணை நடத்தினார். துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று அவர் முடிவுரைத்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். கட்சிப்பற்றும் உறவும் அங்கே கேள்வியைத் தடுக்கவில்லை.

இன்றைய நிலை என்ன? 2020 செப்டம்பரில் கூடிய நாடாளுமன்றத்தில், தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே கைவிடப்பட்டது. எழுத்து வடிவ விடைகள் தரப்பட்டன. எனினும், அமைச்சரை நேர்நின்று துணைக்கேள்வி கேட்கும் வாய்ப்புக்கு அவை ஈடாகா. மற்ற நாள்களில் கூச்சலால் கேள்வி நேரம் வீணாகிறது. இதில் ஆள்வோருக்கும் எதிர்ப்போருக்கும் பங்குண்டு.

நமக்கும் பங்குண்டு. இஃப்தார் நிகழ்ச்சிகளுக்கு உறுப்பினரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். கபரஸ்தான் சுற்றுச்சுவருக்கு மனு அளிக்கிறோம். அவையில் எத்தனை கேள்விகள் கேட்டீர்கள், எந்த அமைச்சரிடம் என்ன விடை பெற்றீர்கள் என்று நாம் வினவுவதில்லை. சுவர் நமது தேவைதான். ஆயினும் கணக்குக் கேட்பதற்காகவே அவரை நாம் அவைக்கு அனுப்பினோம். நாம் அவரிடம் கேளாதிருந்தால், அவர் அமைச்சரிடம் கேட்பார் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது?

அடுத்த முறை பொன்னாடையோடு அந்தக் கேள்வியையும் ஆயத்தம் செய்வோம்.