எப்படியும் வேகத்தானே போகுது?

ரொட்டி மெஷின்ல பாலும் முட்டையும் ஊத்தி, காலைக்கு டைமர் வச்சுட்டுப் படுக்கிறவங்க சொல்ற நியாயம் இது. பாதிதான் சரிங்க. கிருமி சாகும். ஆனா ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கக்கி வச்ச நச்சு கொதிக்க வச்சாலும் முழுசா அழியாது. ரொட்டியோட உள்பக்கமோ 100 டிகிரியைக்கூட தாண்டாது. பால், முட்டைக்கு அமெரிக்க வேளாண் துறை வெளியில் தர்ற கெடு 2 மணி நேரம். பல மெஷின்கள்ல டைமர் 13 மணி நேரம் வரைக்கும் போகும்! வயித்தால போய்ச் சுருண்டு படுக்கப்போறது வீட்டுக் குழந்தையும் பாட்டியும்தான். கையேட்டுலயே வேண்டாம்னு போட்டிருப்பான், அதை யாரு படிக்கிறா? (நம்மாளுங்களுக்கு கையேடுன்னா பெட்டியோட பழைய பேப்பர்காரருக்குத்தான்.) தண்ணியும் பால்பவுடரும் போதும் சாமி. பவுடர் மாவுக்கு மேல, தண்ணி படாம இருக்கட்டும். முட்டை போட்டே ஆகணும்னா பகல்ல, டைமர் இல்லாம சுடுங்க.