மீட்டுப் பார்த்த பிரதியே பிரதி

தவணைப் பரீட்சைக்கு முதல் வாரம் எங்கள் வீட்டில் மின்சாரம் தடைப்பட்டது. மீண்டும் வந்தபோது கணினி விண்டோஸைத் திறக்க மறுத்தது. நல்லவேளை, என் பாடக் குறிப்புகள் பென் டிரைவில் இருந்தன. ஆயினும் பணிசெயல் முறைமை, தமிழ் எழுத்துருக்கள், பாட மென்பொருள்கள் என ஒவ்வொன்றாக மீண்டும் நிறுவி முடிக்க மூன்று நாள் சென்றது.

கோப்புகளைப் பிரதி எடுப்பது வேறு, வன்தட்டு முழுவதையும் அப்படியே ஒரு டிஸ்க் இமேஜாக எடுத்து வைப்பது வேறு என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அப்படியொன்று இருந்திருந்தால் ஓரிரு மணித்தியாலங்களில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது? மக்ரியம் ரிஃப்ளெக்ட் நல்லதுதான். ஆனால் அதன் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. குளோன்சில்லா இலவசம், பென் டிரைவிலிருந்தே இயங்கும். எனினும் அதன் திரை கடினமானது. தட்டை மாறித் தெரிவு செய்தால் உள்ளதும் அழிந்துவிடும். மௌஸால் இயக்கக்கூடிய ரெஸ்கியூசில்லா மாணவிகளுக்கு இலகுவானது என்பது என் கருத்து.

ஆனால் மென்பொருளின் பெயரைவிட முக்கியமானவை இரண்டு: பிரதியை எங்கே வைக்கிறோம், அதை மீட்டுப் பார்த்தோமா?

2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவை ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. வலையமைப்போடு இணைந்திருந்த பிரதிகளும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்கு வெளியே வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. அக்கால மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை.

எங்கள் சமூகத்துக்கு இது புதிய பாடமல்ல. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறப் பணிக்கப்பட்டபோது, உம்மம்மாவின் காணி உறுதியும் திருமணப் படங்களும் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. உறுதியின் பிரதியைப் பின்னர் காணிப் பதிவகத்தில் பெற முடிந்தது. படங்களுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. தன் மணக்கோலம் எப்படி இருந்தது என்று உம்மம்மா இன்றும் வாயால்தான் சொல்கிறார்.

ஆகவே தோழியரே, இமேஜை எடுத்ததும் வெளி வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். உங்கள் படங்களும் கடவுச்சொற்களும் அதற்குள் இருப்பதால், நம்பிக்கையான உறவினர் வீட்டிலேயே வையுங்கள். எங்களுடையது சாச்சி வீட்டில் இருக்கிறது. பழைய வன்தட்டு ஒன்று கிடைத்தால் அதில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பியிருப்பது, படிக்காத புத்தகத்தை நம்பிப் பரீட்சைக்குப் போவது போன்றது.

பெற்றோர்களே, மகள் வெளி வன்தட்டொன்று கேட்டால் வீண் செலவென்று எண்ணாதீர்கள். குடும்பப் படங்களும் அதற்குள்தான் இருக்கப் போகின்றன.