நோயாளிக்குப் புரிந்ததா என்று தேர்வு வையுங்கள்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் ‘லாங் கேஸ்’ நடக்கும் விதம் நீங்கள் அறிந்ததுதான். நோயாளியிடம் தமிழில் ஹிஸ்டரி கேட்டுக்கொண்ட மாணவர், தேர்வாளர் முன் அதை ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறார். மாணவரின் பேச்சுத்திறனைத் தேர்வாளர் எடைபோடுகிறார். கட்டிலில் கிடப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் புரிவதில்லை.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். ரிஃபாம்பிசின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் மாணவர் மடமடவென்று சொல்வார். அந்த மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். நோயாளியிடம் அதை முன்கூட்டியே சொன்னாரா? சொல்லாவிட்டால், ரத்தம் போகிறதென்று மிரண்டு மருந்தை நிறுத்திவிடக்கூடும். சில வாரங்களில் இருமல் அடங்கி, பசியெடுத்ததும் ‘நல்லாயிடுச்சு’ என்று தோன்றும். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம் என்பதைக் கூலி வேலைக்குப் போகிறவருக்கு மனதில் பதியும்படி சொல்லத் தெரிய வேண்டாமா?

மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான ‘ஏட்காம்’ 2019 முதல் பாடத்திட்டத்தில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பரிவாகப் பேசுவதன் அவசியத்தை விவரிக்கச் சொன்னால், பரிவு துளியும் இல்லாதவரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்.

ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ‘ஓஸ்கி’ தேர்வுமுறையில், குறித்த நிமிடங்களுக்குள் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலையைச் செய்துகாட்ட வேண்டும். அப்படியொரு மேசையைத் தமிழுக்கு ஒதுக்குங்கள். நோயாளியாக நடிக்கப் பழகிய ஒருவர் உட்காரட்டும். மாணவர் மருந்தை விளக்கட்டும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். ‘வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க’ என்று கேட்கப் பழக்குங்கள். வேளையும் அளவும் நாளும் சரியாகத் திரும்பி வந்தால் மதிப்பெண். பிசகினால், சலிக்காமல் வேறு விதமாக விளக்குகிறாரா என்று பாருங்கள்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் பிற மாநில மாணவர்களுக்குச் சிரமம் என்பார்கள். அவர்களும் இதே வார்டுகளில்தான் ஹவுஸ் சர்ஜன்களாக நிற்கப்போகிறார்கள். முதலாண்டுத் தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழிக்கு இடமிருக்கிறது. அதைப் பெயரளவில் முடிக்காமல், வார்டுக்குப் போகும் ஆண்டுகளிலும் தொடர்ந்தால் போதும்.

முதலில் பொது மருத்துவத் தேர்வில் மட்டும் இதைத் தொடங்கலாம். மதிப்பெண் உண்டு என்று தெரிந்துவிட்டால், பயிற்சியை மாணவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர்