ஒரு காது, ஒரு வாய்

போன வாரம் ஹாஸ்டலில் ஒரு வாய்ச்சண்டை. புதிதாய் வாங்கி வந்த வைஃபை எக்ஸ்டெண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நண்பன் ஒருவன், "ப்ளக்ல சொருகுனா வேல முடிஞ்சுது மச்சி. நீ என்னமோ ரெண்டு ரேடியோ, க்ளையன்ட், ஆக்சஸ் பாயின்ட்னு ஒரு வாரம் மல்லுக்கட்டுன" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் பதில் வாயில் வரவில்லை. எனக்கு எப்போதுமே பஸ் கிளம்பிய பிறகுதான் பதில் தோன்றும். அதை இப்போது சொல்கிறேன்.

என் கட்சி இதுதான்: வெளியிலிருந்து இணைப்பை வாங்குகிற ரேடியோவும், வீடுகளுக்குக் கொடுக்கிற ரேடியோவும் வேறு வேறாக இருக்க வேண்டும். வேகம் கூடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வேகம் இதில் சின்ன விஷயம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போனவர்கள் மரக்காணம் உப்பளத்தைப் பஸ் ஜன்னல் வழியாகக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாய்த் தண்ணீர், வரப்பு ஓரம் வெள்ளை வெளேரென்று குவியல். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நாங்கள் அந்தப் பாத்திகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம், வரிசையாய்ப் பத்து வீடு. மாமாவின் ஜெராக்ஸ் கடை சாலைப் பக்கம். அங்கே ஃபைபர் இணைப்பு உண்டு. இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 250 மீட்டர், சுற்றிக்கொண்டு நடந்தால் ஒன்றரை கிலோமீட்டர். "பத்து வீட்டுக்காக அளத்துக்குள்ள கம்பம் நட முடியாது தம்பி" என்று இணைப்புக்காரர் சொல்லிவிட்டார். அவர் மேல் கோபமில்லை. உப்பளத்தில் நட்ட இரும்புக் கம்பம் என்ன கதிக்கு ஆளாகும் என்று எங்களுக்கும் தெரியும்.

உப்பு வாருகிறவன் வீட்டுக்கு இணையம் எதற்கு என்று யாராவது கேட்பீர்கள். (கேட்டார்கள்.) தங்கச்சியின் பாடம் ஒரு பக்கம். அப்பாவுக்கு வேண்டியது வேறு, மழை. வாரி வைத்த உப்பைக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுவதற்குள் ஒரு கோடை மழை பிடித்துக்கொண்டால் பல நாள் வெயிலில் விளைந்தது தண்ணீராய்ப் போகும். வானிலை ஆய்வு மையம் சென்னை ரேடார் படத்தையும் காரைக்கால் ரேடார் படத்தையும் இலவசமாகத்தான் போடுகிறது. எங்கள் வீட்டுக்குள் அதைத் திறந்தால் பாதிப் படம் வருவதற்குள் மழையே வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் நானும் எக்ஸ்டெண்டர்தான் போட்டேன், ஒற்றை ரேடியோ உள்ளது. அது மாமா ரூட்டர் சொல்வதை முதலில் கேட்க வேண்டும், பிறகு அதையே அதே சானலில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. ஆகவே வேகம் பாதியாகிறது. இது ஊரறிந்த குறை. ஊரறியாத குறை இன்னொன்று உண்டு. ஒரே ரேடியோவில் க்ளையன்டையும் ஆக்சஸ் பாயின்டையும் சேர்த்து ஓட்டினால், மேலே இருக்கிற இணைப்பு எந்தச் சானலில் இருக்கிறதோ அந்தச் சானலுக்குத்தான் கீழே இருப்பதும் போக வேண்டும். மாமா கடையில் கரண்ட் போனால் என் பெட்டி அவரைத் தேடித் தேடிச் சானல் சானலாக அலையும். அலைகிற நேரத்தில் எங்கள் வீட்டு வைஃபை பெயரே போனில் காணாமல் போய்விடும். இணையம் இல்லாமல் போவது வேறு, வைஃபையே இல்லாமல் போவது வேறு. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம்தான் இரண்டு ரேடியோ உள்ள பழைய ரூட்டர் ஒன்றை வாங்கி ஓபன்-டபிள்யூஆர்டி ஏற்றினேன். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ க்ளையன்ட்: மாமா கடை ரூட்டரோடு ஒரு போன் எப்படி இணையுமோ அப்படி இணையும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஆக்சஸ் பாயின்ட்: எங்கள் வரிசைக்குக் கொடுக்கும். எதற்கு எதை வைப்பது என்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. அளத்துக்கு மேலே மறைப்பே கிடையாது, அங்கே 5 போதும். வீட்டுச் சுவரைத் தாண்ட வேண்டிய இடத்தில் 2.4 மேல். பத்து வீட்டுப் பழைய போன்கள் பலவற்றுக்கு 5 தெரியவும் தெரியாது.

செட்டிங்கில் நான் மாட்டிக்கொண்ட இடங்களைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒரு நாளாவது மிச்சமாகும். மாமா ரூட்டரின் முகவரி 192.168.1.1. என் ரூட்டரின் முகவரியும் பிறவியிலேயே 192.168.1.1! ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? சிக்னல் முழுதாய்க் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போனது. என்னுடையதை 192.168.2.1 என்று மாற்றினேன், தீர்ந்தது. அடுத்தது ஃபயர்வால். க்ளையன்ட் இணைப்பை உள்வீட்டு வலையோடு சேர்க்காமல், வெளியுலகம் என்கிற 'வான்' பகுதியில் தனி இடைமுகமாக வைக்க வேண்டும், முகவரியை அது மாமா ரூட்டரிடம் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, மாமா ரூட்டரில் சானலைத் தானியங்கியில் விடாமல் 149 என்று நிலையாக வைத்தோம். 52 முதல் 144 வரையிலான சானல்களில் ரூட்டர் முதலில் ரேடார் ஏதும் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். நடுவில் ரேடார் கேட்டால் இடம் மாறிவிடும். கூரை மேல் நின்றுகொண்டிருக்கிறவனுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இங்கே மூக்கை நுழைப்பார்கள். "எதுக்குடா ரெண்டு தடவ நாட்? பிரிட்ஜ் போட்டா ஒரே வலை ஆயிடுமே?" ஆகாது. வைஃபையில் ஒரு க்ளையன்ட் அனுப்புகிற சட்டகத்தில் சாதாரணமாக மூன்று முகவரிக்குத்தான் இடம். க்ளையன்டுக்குப் பின்னால் நிற்கிறவர்களின் பெயரை எழுத அங்கே கட்டமே கிடையாது. நான்கு முகவரி முறை என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும், மாமா கடை ரூட்டர் ஒத்துக்கொள்கிற ரகம் இல்லை. ரேஷன் கார்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்குக் குடும்பத் தலைவர் பெயர் தெரிந்தால் போதும், வீட்டுக்குள் யாருக்கு எத்தனை படி என்பது எங்கள் பாடு. இதைக் குறை என்கிறார்கள். நான் இதைத்தான் பலம் என்கிறேன், ஏன் என்று பிறகு வருகிறேன்.

பெட்டியை மாட்டியது ஒரு சவுக்குக் கம்பில். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து, காற்றுப் போக ஓட்டை போட்டு, உள்ளே ரூட்டர். ஆயா அண்ணாந்து பார்த்துவிட்டு "என்னாடா அது, கொம்பு மொளச்ச பொட்டி" என்றது. நாலு மீட்டர் உயரத்தில் கட்டினேன். நேர்ப்பார்வை, ஒரு காக்காய்கூட நடுவில் இல்லை, ஆனால் சிக்னல் மோசம். தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் கீழே பாத்தித் தண்ணீர். அசையாத தண்ணீர்ப் பரப்பில் தாழ்ந்த கோணத்தில் படுகிற அலை கண்ணாடியில் பட்ட மாதிரித் திரும்பி வரும். நேராக வருகிற அலையோடு சேரும்போது சில உயரத்தில் கூடும், சில உயரத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். மாமா பக்கம் ஆறு மீட்டர், நடுவே 250 மீட்டர் என்று கணக்குப் போட்டால், எங்கள் பக்கம் அரை மீட்டர் ஏற்றினாலே குழியிலிருந்து மேட்டுக்கு வந்துவிடலாம். ஒரு முழம் ஏற்றிக் கட்டினேன், வேலை செய்தது! சிக்னல் கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடமும் வேண்டும். இந்தத் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுவழியில் சுமார் 1.8 மீட்டர் சுற்றளவு இல்லை, ஆரம். உப்புக் குவியல் உயரும் மாதங்களில் இதை மறக்கக்கூடாது.

உப்புக் காற்று பற்றி ஒரு வரி: வெளியே தொங்கவிட்ட முதல் கேபிளின் பித்தளை முனைகள் ஒரே பருவத்தில் பச்சை பூத்துவிட்டன. இப்போது ரப்பர் டேப் சுற்றாமல் எதையும் வெளியே விடுவதில்லை.

இதையெல்லாம் நாமே செய்ய முடிகிறதே, அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2002 இறுதியில் லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல-கறுப்பு ரூட்டர் வந்தது. அதற்குள் ஓடியது லினக்ஸ் என்று கண்டுபிடித்தவர்கள், உரிமப்படி மூல நிரலைக் கொடு என்று கேட்டார்கள். 2003-ல் கொடுத்தார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் 2004-ல் தொடங்கிய ஓபன்-டபிள்யூஆர்டி. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை வெளியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில்தான் விட்டார்கள், 5-ன் பெரும்பகுதியை 2018 அக்டோபரில். அதாவது என் சவுக்குக் கம்பு சில வருடம் முன்னால் நட்டிருந்தால் சட்டப்படி தகராறு.

சரி, பலம் என்றேனே. அதற்கு எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் தெற்கே போக வேண்டும். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி ஒழுங்காக இல்லாத காலம், ஊருக்கு ஊர் வானொலிக் கருவி வைத்துத் தகவல் அனுப்பினார்கள். மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்கு அலை உயரம் தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வருவதை வில்லியனூரில் இறக்கி, வீராம்பட்டினம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு பக்கம் கேட்கிற காது, மறு பக்கம் சொல்கிற வாய். நான் செய்ததும் இதே ஏற்பாடுதான், அவர்கள் எனக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26. அதே திட்டத்தில் இருந்த நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் தப்பினார்கள். கவனியுங்கள், அன்றைக்குச் செய்தி எந்த இணையதளத்திலிருந்தும் வரவில்லை, ஒரு தொலைபேசியில் வந்தது. காது மாறிவிட்டது. வாய் மட்டும் அதே வாய், ஊருக்குப் பழகின வாய். இரண்டும் ஒரே கம்பியில் கட்டப்பட்டிருந்தால்?

எங்களுக்கு அந்த நாள் 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். அளமும் பாதையும் ஒரே வெள்ளக்காடு. கரண்ட் போனது, மாமா கடை ஃபைபரும் அறுந்தது. ரூட்டருக்கு வேண்டியது 12 வோல்ட்தான், ஒரு பழைய யுபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. வைஃபை பெயர் எல்லாப் போனிலும் தெரிந்தது, இணையம்தான் இல்லை. வீட்டுக்குள் யாருக்கும் மொபைல் சிக்னல் இல்லை. ஆனால் கம்பின் உச்சியில் இரண்டு கோடு வரும் என்று எனக்குத் தெரியும். காற்று ஓய்ந்த விடியலில் அப்பா கம்பைச் சாய்க்க, என் போனைப் பாலிதீன் கவரில் போட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கட்டி, அதில் 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் போட்டேன். ரூட்டரின் க்ளையன்ட் ரேடியோவில் மாமா கடையின் பெயரை எடுத்துவிட்டு என் போனின் பெயரைக் கொடுத்தேன். இவ்வளவுதான். பத்து வீட்டிலும் யாரும் எதையும் மாற்றவில்லை, அதே பெயர், அதே பாஸ்வேர்ட், அதே முகவரிகள். இரண்டு முறை நாட் என்று கேலி செய்தார்களே, அந்தத் தடுப்புச் சுவர் இருந்ததால்தான் மேலே ஆள் மாறியது கீழே யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா சென்னையில் இருக்கிற மகனுக்கு "நல்லா இருக்கோம்" என்று ஒரு குரல் செய்தி அனுப்பினார். ஐந்து தடவை அனுப்பினார்.

மெஷ் வாங்கலாமே என்பவர்களுக்கு: வாங்குங்கள், நல்ல மெஷ் பெட்டிக்குள்ளும் இதே கருத்துதான் இருக்கிறது. ஆனால் பல பெட்டிகளை அமைக்கக் கம்பெனியின் ஆப்பும் கணக்கும் கேட்கும். இணையம் அறுந்த நேரத்தில் அதைத் திறந்து என்ன செய்வது?

மாமாவின் இணைப்பைப் பத்து வீட்டுக்குக் கொடுப்பது சரியா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டு இணைப்பை விற்பதற்கு ஒப்பந்தம் பொதுவாக இடம் தராது, சாதாரண நாளில் அது எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான். அக்கம்பக்கத்துக்கு முறையாகக் கொடுக்க 2020 டிசம்பரில் ஒப்புதலான பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது, சின்னக் கடைக்காரருக்கு அதில் உரிமக் கட்டணம் கிடையாது. மாமாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், "பாக்கலாம்டா" என்கிறார். பாஸ்வேர்ட் இல்லாமல் மட்டும் எதையும் திறந்துவிடாதீர்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் பூட்டாமல் விட்ட வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வாசலில்.

அன்றைக்குச் சாயங்காலம் கம்பைச் சாய்த்துப் போனை இறக்கினேன். 3 சதவீதம் சார்ஜ் இருந்தது. கவருக்குள் தண்ணீர் போகவில்லை. ஆயா கையிலிருந்து வாங்கிப் புடவையில் துடைத்துவிட்டு, "எங்கடா, மாமனுக்கு ஒரு போன் போடு" என்றது.